எட்டாயிரத்து எண்பதாவது கதவு

ஜனவரி 5, திங்கள்

கம்பெனியிலிருந்து கடிதம் வந்துவிட்டது. வீட்டிலிருந்து வேலை செய்கிற எல்லோரும் தங்கள் கணினி பத்திரமாக இருக்கிறதா என்று சோதித்து, அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். கடைசி நாள் ஜனவரி 31. அனுப்பாதவர்களுக்குப் பிப்ரவரியிலிருந்து வேலை கிடையாது. அதுவரை தினமும் என்ன செய்தோம் என்று குறித்தும் வைக்க வேண்டுமாம். அதற்குத்தான் சர்ச்சில் கொடுத்த இந்த டைரி. அமெரிக்க டாக்டர்கள் மூக்கால் பேசுவதைக் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்கிறவள் நான். பதினோரு வருடத்தில் ஒரு நோயாளியின் பெயரைக்கூட என் வீட்டுக்காரர் ஜாஸ்பரிடம் சொன்னதில்லை. என்னிடம் வந்து பத்திரமா என்று கேட்கிறார்கள்.

சோதனையை இன்டர்நெட்டிலேயே ஒரு தளம் இலவசமாகச் செய்து கொடுக்கிறது. கணினிக்குள் போக எண் போட்ட கதவுகள் ஆயிரக்கணக்கில் உண்டாம், போர்ட் என்று பெயர். பொத்தானை அழுத்தினால் அந்தத் தளம் வெளியிலிருந்து ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்க்கிறது. பூட்டியிருந்தால் பச்சை, திறந்திருந்தால் சிவப்பு. அழுத்தினேன். வரிசையாகப் பச்சை. அப்பாடா என்று காப்பியைக் கையில் எடுத்தபோது ஒரே ஒரு சிவப்பு. 8080. திறந்திருக்கிறது.

காப்பி ஆறிப் போயிற்று.

ஜனவரி 6, செவ்வாய்

வைரஸ் மென்பொருள் ஓட்டினேன். ஒன்றுமில்லை. ஃபயர்வாலை அணைத்து மறுபடி போட்டேன். எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு நடுவில் ஒருமுறை தட்டிப் பார்த்தேன், அப்பளம் கருகியது. ஜாஸ்பர் கல்லூரி ஆபீசிலிருந்து வந்ததும், "என்னட்டி, வீடு பூரா கருகின வாடை?" என்றார். கதவு திறந்திருக்கிறது என்றேன். எழுந்து போய் வாசல் கதவைப் பார்த்துவிட்டு வந்தார். இந்த மனிதரை வைத்துக்கொண்டு என்ன செய்ய!

ஜனவரி 7, புதன்

ஒன்பது தடவை. சிவப்பு.

ஜனவரி 8, வியாழன்

இன்று ஒரு யோசனை வந்தது. கணினியை அணைத்தேன். மின்வயரையும் பிடுங்கினேன். அதே வீட்டு வைஃபையில் போனை வைத்துச் சோதனை செய்தேன். செத்துக் கிடக்கிற கணினியில் 8080 திறந்திருக்கிறதாம்! அப்படியானால் கதவு என் கணினியுடையது இல்லை. பின்னே யாருடையது? நாள் முழுக்க வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தேன். துவைத்த துணியை மறுபடி துவைத்தேன்.

ஜனவரி 9, வெள்ளி

தளத்தின் கேள்வி பதில் பகுதியில் ஒரு குறிப்பு இருந்தது: திறந்த கதவு எதனுடையது என்று தெரியவில்லையா, உங்கள் முகவரி எண்ணையும் கதவு எண்ணையும் உலாவியில் போட்டுப் பாருங்கள். காலை பதினொன்றுக்கு எனக்கு இருபது நிமிட இடைவேளை. போட்டேன்.

படம் வந்தது. கடவுச்சொல் கேட்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வீட்டு ஹால், மேலே மூலையிலிருந்து பார்த்தது போல. ஒரு சாப்பாட்டு மேசை, ஒரு தையல் மெஷின், நடக்கப் பிடித்துக்கொள்கிற ஒரு வாக்கர். முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். சத்தம் கிடையாது, படம் மட்டும்.

தையல் மெஷின் எங்கள் அம்மாவுடையது. முதுகு என் கூடப் பிறந்த எமீமா அக்காவுடையது.

உடனே மூடிவிட்டேன். உடனே என்றால் ஐந்து நிமிடம் இருக்கும்.

ஜனவரி 10, சனி

கேபிள் ஆபரேட்டர் பேச்சிமுத்துவை வரவழைத்தேன். எங்கள் தெருவுக்கே இன்டர்நெட் கொடுப்பவர் அவர்தான். என் வீட்டு எண்ணைப் போட்டால் வேறு வீடு எப்படி வரும் என்று கேட்டேன். எந்த வீடு என்று நான் சொல்லவில்லை.

"அது ஒங்க நம்பர் இல்லக்கா. வெளிய பாக்கவனுக்கு நம்ம தெரு நாப்பது வீட்டுக்கும் ஒரே நம்பர்தான். உள்ள வந்த பொறவுதான் நான் பிரிச்சு விடுதேன்."

"அப்போ 8080?"

"அதுவா? நம்ம எமீமாக்கா வீட்டுக்குத் தொறந்து விட்டதுல்லா. ஆல்வின் கனடாவுல இருந்து போன் போட்டான். அம்மைக்கு மூட்டு ஆபரேசன் ஆயிருக்கு, ஒத்தையில கெடக்கா, கேமரா வழியா பாக்கணும்னான். செஞ்சு குடுத்தேன். ஒங்களுக்குத் தொந்தரவா இருந்தா மூடிருதேன், அவனுக்கு வேற வழி இருக்கு. ஒங்க அக்காதான? ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுங்க."

அந்த 'ஒரு வார்த்தை'தான் முடியாது. பேச்சிமுத்து இந்தத் தெருவுக்கு வந்து மூன்று வருடம்தான் ஆகிறது. அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

ஆக, தெருவில் யார் சோதனை செய்தாலும் எல்லோர் வீட்டுக் கதவையும் சேர்த்துத்தான் தட்டுகிறார்கள். ஐந்து நாளாக நான் அக்காவின் வீட்டைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஜனவரி 11, ஞாயிறு

சர்ச். அக்கா நவம்பரிலிருந்து வருவதில்லை, கால்தான் காரணம். வந்த காலத்திலும் அவள் இடது பக்கம், நான் வலது பக்கம். அப்பமும் ரசமும் கொடுக்கிற திருவிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அவளும் பிரசங்கம் முடிந்ததும் எழுந்து வெவ்வேறு வாசல் வழியாக வெளியே போய்விடுவோம். பகையோடு இருக்கிறவர்கள் அப்பத்தைத் தொடக்கூடாது என்பதில் மட்டும் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே எண்ணம். ஆறு வருடமாக இப்படித்தான்.

காரணத்தையும் எழுதிவிடுகிறேன். ஆல்வின் கல்யாணப் பத்திரிகையில் என் பெயரும் இல்லை, ஜாஸ்பர் பெயரும் இல்லை. தூரத்துச் சொந்தம் வரை போட்டிருந்தார்கள். கூடப் பிறந்த சித்திக்கு இடமில்லை. அதற்கு முன்னால் நாகர்கோவிலில் ஒரு பெண் அமைந்து அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. சின்ன வயதில் ஆல்வினுக்கு வலிப்பு வரும், பன்னிரண்டு வயதோடு நின்றுவிட்டது. பெண் வீட்டார் என்னிடம் கேட்டார்கள். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவுதான்.

ஜனவரி 13, செவ்வாய்

கதவு இன்னும் திறந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காகப் பதினொன்றுக்குப் படத்தைப் போட்டேன். திறந்திருக்கிறது.

அக்கா வாக்கரைப் பிடித்து நடந்தாள். மேசையிலிருந்து தையல் மெஷின் வரை பன்னிரண்டு எட்டு. திரும்பும்போது நின்று மூச்சு வாங்கினாள். எனக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. ஐஸ் ஒத்தடம் கொடுக்கிறார்களா என்று தெரியவில்லை. காலையும் மாலையும் ஒரு வேலைக்காரப் பெண் வந்து போகிறாள், நடுப்பகலில் யாருமில்லை.

ஜனவரி 14, புதன்

பதினொன்று. பதினான்கு எட்டு.

ஜனவரி 16, வெள்ளி

அக்கா மாறிவிட்டாள். முதல் நாள் பார்த்தபோது கசங்கின நைட்டியும் அவிழ்ந்த தலையுமாக இருந்தாள். இப்போது பதினொரு மணிக்குச் சேலை கட்டி, தலை சீவி உட்கார்ந்திருக்கிறாள். தட்டைக் கேமராவுக்கு நேராக வைத்துக்கொண்டு சாப்பிடுகிறாள். இன்று மூன்று இட்லி. சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கொஞ்சம் சாய்த்தும் வைத்தாள். தட்டு காலி. ஆள் தேறி வருகிறாள் என்று எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, ஏன் எழுதாமல் விடவேண்டும்?

இடைவேளை இருபது நிமிடம், நான் பார்த்தது நாற்பது. ஒரு டாக்டரின் குறிப்பில் இடது காலை வலது கால் என்று அடித்து அனுப்பிவிட்டேன். நல்லவேளை, திரும்பி வந்தது.

ஜனவரி 19, திங்கள்

மேற்பார்வையாளர் கேட்டிருக்கிறார், எல்லோரும் அனுப்பிவிட்டார்கள், நீங்கள் மட்டும்தான் பாக்கி, ஏதாவது சிக்கலா? சிக்கல் கண்டுபிடிக்கப்பட்டது, தொடர்ந்து கவனித்து வருகிறேன் என்று பதில் போட்டேன். அதில் பொய் எதுவும் இல்லை.

ஜனவரி 21, புதன்

மாட்டிக்கொண்டேன். சாயங்காலம் ஏழு மணிக்கு அக்கா குடும்ப ஜெபம் செய்வாள். அம்மா காலத்து வழக்கம், ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி ஜெபிப்பது. சத்தம் வராதே, அதனால் திரைக்கு முகத்தை ஒட்டிவைத்து உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆல்வின் பெயர் தெரிந்தது. அவன் மனைவி பெயர் தெரிந்தது. அடுத்து இன்னொரு பெயருக்கு உதடு குவிந்தது போல இருந்தது. அந்த நேரம் பார்த்து ஜாஸ்பர் பின்னால் வந்து நிற்கிறார்.

"இது எமீமா மதினில்லா?"

கதவு, கம்பெனி, சோதனை என்று எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அங்க போவ நாப்பது எட்டு இருக்குமாட்டி? நேர போயிப் பாக்க வேண்டியதான?"

"நான் ஒண்ணும் அவளப் பாக்கல. கதவத்தான் பாக்கேன்."

"சரி, கதவு என்ன ஜெபம் பண்ணிச்சு?"

அவரோடு பேசவில்லை. இரவுச் சாப்பாடு மேசையில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

ஜனவரி 24, சனி

இன்று பயந்துவிட்டேன். அக்கா நாற்காலியிலேயே தூங்கிக்கொண்டிருந்தாள், வாய் லேசாகத் திறந்து, சேலை விலகி. பின்னால் வாசல் கதவு ஒருக்களித்துத் திறந்து கிடந்தது. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. கடவுச்சொல் கேட்காமல் எனக்கு வந்த படம் வேறு யாருக்கும் வரும். சோதனைத் தளத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான், திறந்த கதவுகளைத் தேடி அலைகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள் என்று. நான் ஒருத்திதான் பார்க்கிறேன் என்று எப்படி நினைத்தேன்?

எங்கேயோ உட்கார்ந்திருக்கிற எவனோ என் அக்கா தூங்குவதைப் பார்க்கலாம், தனியாக இருக்கிறாள் என்று கணக்குப் போடலாம். ஒன்பதாம் தேதியே தெரிந்தும் பதினைந்து நாளாகச் சும்மா இருந்தவள் நான். எழுத்து கோணலாக வருகிறது.

ஜனவரி 26, திங்கள்

செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். அவள் வீட்டு கேட் வரை போனேன். என்ன சொல்வது? உன் வீடு திறந்து கிடக்கிறது என்றால், உனக்கெப்படித் தெரியும் என்பாள். கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு திரும்பினேன். வீட்டில் ஏற்கெனவே கறிவேப்பிலை இருந்தது.

ஜனவரி 29, வியாழன்

பேச்சிமுத்துவுக்குப் போன் செய்தேன். அக்காவிடம் கேட்டுவிட்டேன், மூடச் சொல்லிவிட்டாள் என்றேன்.

"சரிக்கா. ஆல்வினுக்கு ஆப் போட்டு, பாஸ்வேர்டு வச்சுக் குடுத்துருதேன். இனிமே அவன் மட்டுந்தான் பாக்க முடியும்."

அரை மணி நேரத்தில் முடிந்தது. கோழைத்தனம்தான். இருந்தாலும் கதவு மூடியாயிற்றே.

ஜனவரி 30, வெள்ளி

சோதித்தேன். மேலிருந்து கீழ் வரை பச்சை. படம் பிடித்து அனுப்பினேன். "அருமை, ஒத்துழைப்புக்கு நன்றி" என்று பதில் வந்தது. இனி இந்த டைரி எழுத வேண்டிய அவசியம் இல்லை.

பிப்ரவரி 2, திங்கள்

அவசியமில்லாவிட்டாலும் எழுதுகிறேன். பதினொன்றுக்கு கை தானாக அந்த எண்ணைப் போட்டது. பக்கம் கிடைக்கவில்லை என்று வந்தது. சோதனைத் தளத்துக்குப் போய்த் தட்டினேன், பச்சை. ஐந்து நிமிடம் கழித்து மறுபடி. பச்சை. இத்தனை பத்திரமாக இருந்தும் ஏன் உட்கார முடியவில்லை? எட்டு எத்தனை ஆயிற்றோ? வாக்கரை விட்டிருப்பாளோ?

பிப்ரவரி 6, வெள்ளி

லில்லி மதினி வந்திருந்தார்கள். அக்கா வீட்டுக்கு எதிர்வீடு. சர்ச் மாதர் சங்கத்துச் சேலைச் சீட்டு பற்றிப் பேச வந்தவர்கள் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்கள்.

"ஒங்க அக்கா கெதிதான் பாவமா இருக்கு பியூலா. மூணு நாளா சரியா திங்க மாட்டேங்கா. தல சீவ மாட்டேங்கா. நடக்கதயும் விட்டுட்டா."

"ஏன் மதினி? காலு வலிக்கா?"

"காலு இல்ல, மனசு. கேமராவுல ஒரு நீல லைட் உண்டாம், யாராவது பாத்தா மினுங்குமாம். ஆல்வின் சாயங்காலந்தான் பாப்பான், அஞ்சு நிமிசம். போன மாசம் காலையில பதினொரு மணிக்கெல்லாம் மினுங்குச்சாம். அங்க அப்போ நடுராத்திரில்லா? எம்மவன் தூங்காம முழிச்சிருந்து என்னயப் பாக்கான்னு அவளுக்கு ஒரே பெருமை. அவன் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு சேல கட்டுவா, நடப்பா, தட்ட காட்டிக்கிட்டுச் சாப்பிடுவா. இப்போ ஒரு வாரமா பதினொரு மணிக்கு அந்த லைட் வரல. 'அவனுக்கு நான் சலிச்சுப் போயிட்டேன் லில்லி'ன்னு அழுதா. நான் என்னத்தச் சொல்ல?"

நான் காப்பி போடுகிறேன் என்று அடுப்படிக்குப் போய்விட்டேன். பாலை அடுப்பில் வைத்ததாக நினைவு. மதினி வந்து அணைத்தார்கள்.

பிப்ரவரி 7, சனி

போகவில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

யோசித்து யோசித்து மண்டை வலிக்கிறது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் மகன் தன்னைக் கைவிட்டான் என்று நினைத்துக்கொண்டே கிடப்பாள். உண்மையைச் சொன்னால், அவன் ஒரு நாளும் முழித்திருந்து பார்க்கவே இல்லை என்று ஆகும். இரண்டில் எது கொடுமை? ஜாஸ்பரிடம் கேட்டேன். இந்தத் தடவை கேலி செய்யவில்லை. "இப்பவே திங்காம கெடக்கா. நீதான் போவணும்" என்று மட்டும் சொன்னார்.

பிப்ரவரி 9, திங்கள்

போனேன். பதினொன்றுக்கு, இடைவேளை சொல்லிவிட்டு.

கதவு திறந்துதான் இருந்தது. அக்கா அதே நாற்காலியில், நைட்டியில். ஆறு வருடத்துக்குப் பிறகு முகத்தை நேராகப் பார்க்கிறேன். திரையில் முடி இவ்வளவு நரைத்திருப்பது தெரியவில்லை.

"யாரு செத்தா?" என்றாள். வேறு எதற்கும் நான் வரமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

உட்காராமல் சொல்லிவிட்டேன். கம்பெனி கேட்ட சோதனை, தெருவுக்கு ஒரே எண், திறந்திருந்த கதவு. "பதினொரு மணிக்குப் பாத்தது ஆல்வின் இல்லக்கா. நான்தான். மூடச் சொன்னதும் நான்தான்."

அவள் கேமராவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு என்னை. கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். கோபம் வரவில்லை.

"அப்போ அவன் முழிச்சிருந்து பாக்கலியா?"

"இல்லக்கா."

"நான் அவன ஏசினேன்ட்டி. ராத்திரி முழிக்காத, ஒடம்பு கெட்டுப் போவும்னு போன்ல ஏசினேன். 'சரிம்மா, தூங்குதேன்'னான். நான் இல்லம்மான்னு ஒரு வார்த்த சொல்லல." கொஞ்ச நேரம் கையையே பார்த்தாள். "வாய்தான் ஏசிச்சு. அவன் பாக்கது எனக்குப் பிடிச்சிருந்துது. லைட் நின்ன ஒடனே, ஏசினதுனாலதான் நிறுத்திட்டானோன்னு என்னய நானே திட்டிக்கிட்டேன்."

மேசையில் இருந்த போனை எடுத்து அவனைக் கூப்பிட்டாள். மணி அடித்தது, அடித்து நின்றது. மறுபடி கூப்பிடவில்லை. "தூங்குதான்" என்றாள். "தூங்கட்டும். காலைல வேலைக்குப் போவணும்லா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே இன்னொன்றையும் சொன்னேன். இந்த டைரியில் ஜனவரி 11 அன்று நான் எழுதியது பொய். நாகர்கோவில்காரர்கள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நானாகத்தான் அந்த அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். பெண் பார்க்க என்னைக் கூட்டிக்கொண்டு போகவில்லை என்ற ஒரே ஆத்திரத்தில். பன்னிரண்டு வயதோடு வலிப்பு நின்றுவிட்டது என்பதை மட்டும் அவர்களிடம் சொல்லவில்லை.

ஆறு வருடமாக ஜாஸ்பரிடமும் சொல்லாததை அவளிடம் சொல்லிவிட்டு நின்றேன். வெளியே யாரோ சைக்கிளில் கோலமாவு விற்றுக்கொண்டு போனார்கள்.

"மன்னிச்சிட்டேன்னு ஒன்கிட்ட சொல்லுவேன்னு நெனைக்காத" என்றாள். "சொல்ல மாட்டேன். அந்தப் பிள்ள வீட்டு வாசல்ல நானும் ஆல்வினும் நின்ன நிலைய நீ பாக்கல."

"சரிக்கா."

"பெட்டி வழியா ஒளிஞ்சு பாத்ததுக்கும் மன்னிப்பு இல்ல."

"சரி."

வாசலுக்கு வந்துவிட்டேன். செருப்பில் கால் நுழையும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"நாளைக்குப் பதினொரு மணிக்கு வா. அந்தா அந்த நாற்காலில இரு. ஒண்ணும் பேசாண்டாம். யாராவது பாத்தாத்தான்ட்டி எனக்குச் சோறு எறங்குது."

பிப்ரவரி 10, செவ்வாய்

போனேன். பேசவில்லை. அக்கா ஒன்றரை இட்லி சாப்பிட்டாள். மீதி அரையைத் தட்டிலேயே வைத்துவிட்டாள், என்னிடம் மறைக்கவில்லை.